யோசிக்கிற ரூம்

கடைசியாக மகன் என்னிடம் கேட்டது ஒரு ஜோடி செருப்பு. சிறுவர் சீர்திருத்த இல்லத்தின் பார்வையாளர் அறையில், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு சைஸ் பெருசாவே வாங்கும்மா. கால் வளருது."

"இன்னும் வளரப்போறியா? வீட்டு நிலைவாசல் தலையில இடிக்கும்டா."

"குனிஞ்சு வந்துக்கறேன்."

பக்கத்தில் நின்ற வார்டன்கூடச் சிரித்தார்.

அவனை நான் அடித்ததே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் பிறந்த கையோடு கணவர் போய்ச் சேர்ந்தார். இரண்டு பிள்ளைகளும் தையல் மெஷினும் ஒரே அறையில். வாடிக்கையாளர் அளவு கொடுக்க வரும்போது பையன் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் யார் வருவார்கள்? மாடிப்படிக்கு அடியில் துணி மூட்டை போடும் இடம் இருந்தது. அவனை அதில் விட்டு வெளியே கொக்கி போடுவேன். 'யோசிக்கிற ரூம்' என்று நான்தான் பெயர் வைத்தேன். "போய் யோசி" என்றால் போதும்.

ஆரம்பத்தில் கதவைத் தட்டுவான். மெஷினை மிதித்தால் கேட்காது. பிறகு தட்டுவதை விட்டுவிட்டான். ஒருமுறை கல்யாணத் துணிகளைத் தைத்து முடித்து, கடைக்குப் போய் வந்து, சமைத்து, மகளுக்கு ஊட்டிய பிறகுதான் அவன் நினைவு வந்தது. திறந்தால் நின்றுகொண்டிருந்தான். "யோசிச்சிட்டேம்மா" என்றான். அடக்கமான பிள்ளை என்று தெருவே சொல்லும்.

வளர்ந்து ஒரு கிடங்கில் வேலைக்குப் போனான். அவன் உள்ளே இருக்கும்போது முதலாளி விளையாட்டாக ஷட்டரை இழுத்து மூடிவிட்டார். திறந்ததும் கையில் கிடைத்த கம்பியால் அவரை அடித்தான். அவருக்கு ஒரு கண் போனது. இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே மனநல மருத்துவர், சின்ன வயதுப் பெண், என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"பூட்டின கதவைப் பார்த்தாலே நடுங்குறான். கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான். சின்ன வயசுல ஏதாவது நடந்ததாம்மா? நீங்க சொன்னா இவனைத் தனியறையில போடக் கூடாதுன்னு நான் உத்தரவு போட்டுடுவேன்."

மகள் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சொன்னால் அவளையும் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு பிள்ளையாவது எனக்கு வேண்டாமா?

"நல்லா நடிப்பான் மேடம்" என்றேன். "வேலைக்கு டிமிக்கி குடுக்கணும்னா காய்ச்சலையே வரவெச்சுக்குவான்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செருப்பு கேட்ட மறுநாள் சாப்பாட்டு வரிசையில் கைகலப்பு. அவனைத் தனியறையில் போட்டார்கள். வார்டன் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"தட்டிட்டே இருந்தாம்மா. அம்மாவே நடிப்புன்னு சொன்னாங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. அதான் திறக்கலை. அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. தூங்கிட்டான்னு நினைச்சோம்."

அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தான். வார்டன் மேல் விசாரணை நடக்கிறது என்கிறார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? தட்டுவது நின்றால் அவன் தூங்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. என் மகனைக் கொன்றது நான்தான். அவர் மேல் பழி வேண்டாம்.

மகள் என்னோடுதான் இருக்கிறாள். அவளை வளர்ப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. வாசலில் மணி அடித்தால் நான் எதுவும் சொல்லாமலே படிக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். கொக்கி போடுவது மட்டும்தான் என் வேலை.