நெற்றிக்காசு

வெள்ளிக் காசிலிருந்து ராஜாவின் தலையை அறுத்தெடுப்பது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை சார். தலைமுடி கனத்தில் ஒரு ரம்பம் இருந்தால் போதும். தலையும் ஓர வளையமும் நிற்க, இடையிலுள்ள வெற்று வெள்ளியை மட்டும் எடுத்துவிட்டால் அழகான பதக்கம். சர்வீஸ் முழுக்க ஏவுகணைக்கு உதிரிபாகம் கடைந்தவன் நான். ஓய்வுபெற்றதும் குகட்பள்ளி வீட்டு பால்கனியில் பட்டறை போட்டு, யாருக்கும் ஆபத்தில்லாத தொழிலாகப் பார்த்து இதில் இறங்கினேன்.

நல்ல காசு கிடைப்பதுதான் கஷ்டம். எங்களில் செத்தவர் நெற்றியில் ஒரு காசு ஒட்டுவோம். காலனியின் பழைய தமிழ்க் குடும்பங்கள் இதற்கென்றே வெள்ளி ரூபாயைப் பத்திரப்படுத்தியிருக்கும். அதை ஒட்டும் பொறுப்பை நானாகவே ஏற்றுக்கொண்டேன். சந்தனம் குழைக்கும்போதே வெள்ளி என் பைக்குள் போய்விடும். நெற்றியில் சாதாரண ஒரு ரூபாய் உட்காரும். வெள்ளைக்கார ராஜாவுக்குப் பதில் நம் நாட்டுச் சிங்கம். தேசபக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்தவர்கள் யாரும் புகார் கொடுத்ததில்லை.

கீழ்வீட்டு ஜெயராம் ரயில்வே பட்டறையில் இருந்தவர். மனைவி பானு காலமாகிவிட்டார். மகள் பிரியம்வதாவுக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். அவரிடமிருந்த காசைப் போல நான் பார்த்ததே இல்லை. ராஜாவின் தாடிகூடத் தேயவில்லை. பானுவின் சங்கிலியில் கிடந்ததால் ஓரத்தில் கொக்கி பற்றவைத்த தழும்பு மட்டும் இருந்தது. விலைக்குக் கேட்டேன்.

"நக்கோ, வாணாம் சந்துரு. இது பானு கழுத்துல கெடந்தது. என் நெத்தியோட போவணும்."

"வேற வெள்ளி தர்றேன்ணே."

"நான் போறவரைக்கும் அந்தப் பேச்சே வாணாம்பா."

போன பிறகு பேசலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்? நானும் காத்திருந்தேன். ஆனால் மனிதர் காலையில் நடைப்பயிற்சி ஆரம்பித்தார். போவன்பள்ளி மார்க்கெட் வரை போய்க் கீரை வாங்கிவந்து சமைத்தார். என் மீது கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்தது. நாக்கடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். "சந்துரு, சட்டை..." என்று ஆணியைக் காட்டினார். ஆணியில் சட்டை இல்லை. நான் வீடெல்லாம் தேடினேன். பதறினால் எதுவும் கிடைக்காது என்பதால் நிதானமாகத் தேடினேன். தேடி முடித்தபோது அவருக்கு மாத்திரை தேவைப்படவில்லை.

பிரியம்வதா ஓடிவந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். "அம்மா காசு அங்கிள், நீங்களே வெச்சிடுங்க" என்று என் கையில் கொடுத்தாள். வழக்கம்போல் சந்தனம் குழைத்தேன்.

போன வாரம் மாதாப்பூர் கைவினைச் சந்தையில் என் கடைக்கு அவளே வந்தாள். அந்தப் பதக்கத்தை எடுத்து, ஓரத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"இது அம்மாது. அப்பாவோட எரிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே அங்கிள்?"

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சட்டை ஞாபகம் வந்ததாம். அன்று அது வாளியில் ஊறிக்கிடந்தது. அவளேதான் பிழிந்து காயப்போட்டாளாம். யார் நனைத்தது என்று ஸ்டேஷனில் நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள்.

ஆமாம், காபிக்கு முன்னால் நான்தான் நனைத்தேன். மாத்திரை பையில் இருப்பது தெரிந்துதான். அது முதல் தடவையும் இல்லை. "பையப் பாக்கமாட்டியாப்பா?" என்று அவர் சிரித்துவிட்டு வேறு மாத்திரை வாங்கிக்கொள்வார். தனியாக இருக்கும் மனிதருக்குத் துணி துவைத்துக் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? என்றைக்காவது வலி வரும்போது சட்டை தண்ணீரில் இருந்தால் சரி என்று நினைத்தேன். இருந்தது.

பிரியம்வதா அத்தனை பேர் நடுவில் என்னைக் கொலைகாரன் என்றதுதான் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதக்கத்தை அடக்க விலைக்கே கொடுத்திருப்பேன். தெரிந்தவர்களிடம் லாபம் பார்க்கிற ஆள் இல்லை சார் நான்.