உங்கண்ணனுக்குத் தோணறதில்ல

அந்தப் பையக் கீழ வை. இப்படிப் பாதியில எழுந்து போனா எப்படி? புள்ள முழிக்கற வரைக்குமாவது உக்காரு.

ஆமா, நானும்தான் பாத்தேன். ஆசையா உன் புள்ளைய அவர் கையில குடுத்தே. ஏதோ பார்சல் வாங்கற மாதிரி வாங்கி, திருப்பி உங்கிட்டயே நீட்டிட்டு உள்ள போயிட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா உங்கண்ணனுக்கு உம்மேல கோவமெல்லாம் இல்லம்மா. கோவம் இருந்தாக்கூடப் பரவாயில்லையே, சமாதானம் பண்ணிடலாம்.

தலையில கட்டி எடுத்தாங்கல்ல, அதுல மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி இருக்கற சுரப்பி கெட்டுப்போச்சு. அதுல சுரக்கறதுக்கெல்லாம் பதிலா மருந்து இருக்கு. தாகத்துக்கு ஒண்ணு, தெம்புக்கு ஒண்ணு, வேளாவேளைக்கு முழுங்கறாரு. ஒரே ஒண்ணுக்கு மட்டும் குடுக்க மருந்து இல்ல. ஆக்ஸிடோசின்னு பேரு. உனக்குப் பால் இறங்குதே, அது அதோட வேலைதான். புள்ளைய மார்ல போட்டதும் மனசு இளகுதே, அதுலயும் அதுக்குப் பங்கு இருக்காம். ஆம்பளைக்கும் உண்டு, பின்ன? இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இருக்கலாம்னாங்க டாக்டரம்மா.

உன் கல்யாணத்துல உன்னவிட அதிகமா அழுதது யாரு? அதே மனுஷன்தான். இப்ப வேலை பாக்கற அச்சு பிரஸ்ல ரெண்டு பேர் சத்தமாப் பேசிக்கிட்டாப் போதும், வீட்டுக்கு வந்து போர்வைய இழுத்து மூடிக்கறாரு. மறுநாள் எழுந்துக்க முடியல. முன்னல்லாம் அங்க சண்டைய விலக்கி விடறதே அவர்தானே.

நானா? எனக்கென்ன. சமைக்கறேன், துவைக்கறேன், மாத்திரை எடுத்துக் குடுக்கறேன். ஒருநாள் தாங்காம கேட்டே விட்டேன், எம்மேல பாசம் இருக்கா இல்லையான்னு. இருந்தது ஞாபகம் இருக்குன்னாரு.

ஐயோ, அழாதே. உன்னைத் தேத்தற தெம்பு எங்கிட்ட இல்ல.

அதுக்கப்புறம் தெனமும் சாயந்திரம் பக்கத்துல வந்து உக்காந்து என் கையப் புடிச்சுக்க ஆரம்பிச்சாரு. என்னங்க இதுன்னேன். எனக்கு ஒண்ணும் தோணல, உனக்கு நல்லாருக்கும்லன்னாரு. அதுக்குன்னு ஃபோன்ல அலாரம் வச்சிருக்காரு. போன வாரம் அவருக்குத் தெரியாம அத நிறுத்திப் பாத்தேன். தானா வர்றாரான்னு.

வரல.

மறுநாள் நானே திரும்ப வச்சுட்டேன்.

இந்தா, அடிக்குது. கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, அவருக்கு இடம் வேணும்.