டிஸ்சார்ஜ்

அந்த ரேஷன் கடை இப்போது இல்லை. உலகச் சண்டை முடிந்த வருஷம் அங்கே மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை இன்னும் நினைவில் இருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற அம்மாளின் கையில், பட்டாளத்திலிருந்து மகன் எழுதிய கடுதாசி.

"டிஸ்சார்ஜ் ஆகி வாரேன்னு எழுதிருக்கான். அவன் என்ன அரிசி மூட்டையா, டிஸ்சார்ஜ் பண்ணுததுக்கு?"

அவள் புருஷன் தோணியில் வேலை பார்த்தவராம். கப்பல் சரக்கை இறக்குவதற்குத் துறைமுகத்தில் 'டிஸ்சார்ஜ்' என்றுதான் பேச்சு.

பக்கத்தில் நின்ற மில்காரர் சொன்னார்: "எங்க மில்லுல டிஸ்சார்ஜுன்னா சீட்டக் கிழிச்சாச்சுன்னு அர்த்தம்க்கா."

அவள் முகம் வாடிவிட்டது. "என்ன தப்புப் பண்ணுனானோ."

பின்னால் நின்ற ஆஸ்பத்திரி ஆயா விடவில்லை. "ஏளா, அவரு சொல்லுதது கெடக்கட்டும். எங்க ஆஸ்பத்திரியில நோவு தீந்து வீட்டுக்கு அனுப்புனா அதுவும் டிஸ்சார்ஜ்தான்."

"அப்பம் அவனுக்கு நோவா?"

"சண்டதான் முடிஞ்சிட்டுல்லா. எல்லாரையும் அனுப்புதான்" என்றார் மில்காரர்.

அவள் கடுதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எறக்கி விட்டாலும், வெரட்டி விட்டாலும், சொகமாகி விட்டாலும், ஆளு வெளிய வந்துருதான்லா?"

"வந்துருவான்" என்றாள் ஆயா.

அவள் முறை வந்தது. பாட்டிலை நீட்டாமல் கார்டை நீட்டினாள்.

"அண்ணாச்சி, பட்டாளத்துக்குப் போனான்னு எம்மவன் பேர அடிச்சீகள்லா. அத மறுபடி எழுதுங்க."

"லீவுல வாரானா?"

"இல்ல, டிஸ்சார்ஜ். இனி இங்கனதான் இருப்பான்."