பேர் போடாத சீட்டு

"பேர் போட வேண்டாம்னு சொன்னப்பவே நான் உஷாராயிருக்கணும்க்கா."

வலங்கைமான் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சொன்னவள் இளையவள், மடியில் டிபன் பாக்ஸ்.

"யாருடி சொன்னது?"

"ரைஸ் மில் மேனேஜர்தான். நல்ல தலைவரா இருக்கிறது எப்படின்னு தஞ்சாவூர்ல ட்ரெய்னிங் போயிட்டு வந்தாரு. வந்ததும் ஒரு பொட்டி வச்சாரு. குறை இருந்தா எழுதிப் போடுங்க, யாருன்னு கேக்கவே மாட்டேன்னாரு."

"நல்லதுதானே?"

"களத்துல நெல்லு காய வைக்கிறது பத்துப் பேரு. எழுதத் தெரிஞ்சவ நான் ஒருத்தி. கக்கூஸ் கட்டிக் குடுங்கன்னு பத்துப் பேருக்கும் நானே எழுதினேன்."

"அடிப்பாவி! பத்தும் ஒரே கையெழுத்து."

"மேசையில பரப்பி வச்சிக்கிட்டு, ஆளுங்களைத் தூண்டி விடுறியான்னாரு. நாளையிலேர்ந்து வராதன்னுட்டாரு."

"மத்தவளுங்க?"

"நெல்லைத் துழாவிக்கிட்டே இருந்தாளுங்க. ஒருத்தியும் தலையைத் தூக்கல."

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கெளம்புறப்ப இன்னொரு சீட்டு எழுதச் சொன்னாரு. சொந்த விருப்பத்துல வேலையை விட்டு நின்னுக்கிறேன்னு."

"எழுதினியா?"

"எழுதினேன். அதுக்கு மட்டும் பேர் போடச் சொன்னாரு."