மேஸ்திரி வீரையா கடைசியாக ஏற்றிவந்த பாரம்

மேடையில் அமர்ந்திருக்கும் லாரித் தொழிலாளர் சங்கத் தலைவர் மாயக்கண்ணன் அவர்களே! எங்கள் கம்பெனி முதலாளி சின்னக்கண்ணு அவர்களே! நெல் காய வேண்டிய களத்தை இன்று மாலை நமக்காக ஒழித்துக் கொடுத்திருக்கும் புதுவயல் ரைஸ்மில்காரர்களே! கீழச்சிவல்பட்டியிலிருந்தும் கல்லலிலிருந்தும் வந்திருக்கும் உறவினர்களே, தாய்மார்களே! என்னோடு ஸ்டியரிங் பிடிக்கும் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் சொர்ணவல்லி அக்காவுக்கு நான் எப்படி வணக்கம் சொல்வேன்? கணவரை நல்லபடியாகக் கூட்டிவந்து வீட்டில் விட வேண்டியவன் நான். வெறும் கையோடு வந்து நிற்கிறேன். அக்கா, மன்னிக்க வேண்டும்.

என் பெயர் உடையப்பன். பெரிய டிரெய்லரை இழுக்கும் முன்வண்டிக்கு நான் டிரைவர். மறைந்த வீரையா அவர்கள் எங்கள் மேஸ்திரி. மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஆனாலும் அந்த மனிதரோடு சாலையில் நடந்தவன், அவர் வடித்த சோற்றைத் தின்றவன், கடைசியில் அவர் தலையை மடியில் வைத்திருந்தவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

மேஸ்திரி வீரையா யார்? கீழச்சிவல்பட்டியில் ஆசாரி வீட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா கதவு நிலை செய்தவர். மகனோ பிழைப்புக்குச் சென்னைத் துறைமுகம் போனார். கப்பலில் வரும் இயந்திரங்களுக்கு மரச்சட்டம் அடிக்கும் வேலை. அடித்த பெட்டி எங்கே போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு ஒரு நாள் லாரியில் ஏறினாராம். அன்று ஏறியவர்தான். இருபது வருஷம் சாலைதான் அவருக்கு வீடு.

எங்கள் தொழில் பலருக்குத் தெரியாது. துறைமுகத்தில் டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கும். ஒரு சின்ன வீடு அளவு இருக்கும். அதை டிரெய்லரில் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டி, மின்நிலையம் கட்டும் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மனிதன் நடக்கும் வேகம்தான். முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி பிடித்து நடப்பார். பாலம் வந்தால் கீழே இறங்கி முட்டுக் கொடுக்க வேண்டும். மரம் வந்தால் கிளையைக் கயிறு கட்டி ஒதுக்க வேண்டும். குறுக்கே மின்கம்பி வந்தால், ஒருவர் டிரான்ஸ்பார்மர் மேல் ஏறி, காய்ந்த மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த மூங்கிலைப் பற்றிப் பேசாமல் இன்று என்னால் பேச்சை முடிக்க முடியாது. ஆனால் அதற்கு முன் மேஸ்திரியின் மனசைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெண்கள் கூட்டத்தின் கடைசியில் அழகியம்மாள் நிற்கிறார். திருமயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அவர் ஏன் வந்தார் தெரியுமா?

அறுபத்தேழாம் வருஷம், தை மாதம். கல்லலுக்கு அந்தப்பக்கம் புதிதாகக் கட்டிய மின்நிலையத்துக்குப் பாரம் ஏற்றி வந்தோம். வழியில் ஒரு தரைப்பாலம். மழைக்காலத்தில் அடிச்சுவர் அரித்துப் போயிருந்தது. வண்டி ஏறினால் நொறுங்கிவிடும். பக்கத்து வயலில் இறங்கிச் சுற்றிப் போகலாம். மின்வாரியப் பொறியாளர் மேலிடத்திலிருந்து அனுமதி உத்தரவும் வாங்கி வந்துவிட்டார். வயல் அழகியம்மாளுடையது. கணவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தனியாக நின்று அவர் விளைவித்த முதல் வெள்ளாமை. கதிர் தலைசாய்ந்து நிற்கிறது.

அந்தம்மா வரப்பில் வந்து நின்று கேட்டார். “ஏங்க, எம் பயிரு மேலயா வண்டிய ஏத்தப் போறீக?”

பொறியாளர் நல்ல மனிதர். உத்தரவை மடித்துக்கொண்டு நின்றார். நஷ்ட ஈடு கிடைக்கும் என்று மெல்லச் சொன்னார்.

“நஷ்ட ஈடு வரட்டுங்க. நான் நட்டத நான் அறுக்க வேணாமா? இன்னும் ஒரு வாரம் பொறுத்தா அருவா வச்சிருவேன். அதுக்குள்ள என்ன கொள்ளை போகுது?”

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தோம். அவர் வரப்பில் குத்தவைத்து ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தார். எழுந்து பொறியாளரிடம் வந்தார். “சார், வண்டி நிக்கட்டும். நான் எறக்க மாட்டேன்” என்றார்.

“வீரையா, மேலே யார் பதில் சொல்வது?”

“எம் பேரச் சொல்லுங்க. மேஸ்திரி மறுத்துட்டான்னு சொல்லுங்க. உங்க மேல ஒண்ணும் வராது.”

அப்படியே அவர் பெயரைத்தான் சொன்னார்கள். என்ன நடந்தது? முதலாளி அவர்கள் மேடையில் இருக்கிறார்கள், மறுக்க மாட்டார்கள். அந்தப் பாரத்தைச் சேர்த்துவிட்டுத் திரும்பியதும் மேஸ்திரி வேலையிலிருந்து அவரை இறக்கினார்கள். நேற்றுவரை எங்களுக்கு உத்தரவு போட்டவர், மறுநாள் எங்களோடு முட்டுக் கொடுக்கும் கட்டை சுமந்தார். முகம் கோணினாரா? ஒரு வார்த்தை முணுமுணுத்தாரா? இல்லையே! புது மேஸ்திரிக்கு அவரே போய் டீ வாங்கிக் கொடுத்தார். நாங்கள் பொருமினோம். அவர் சிரித்துக்கொண்டு, “அடப் போங்கடா, கட்டை தூக்கித்தானே நானும் மேஸ்திரி ஆனேன்” என்றார்.

வயலோரம் வண்டி நின்ற அந்த வாரம் நாங்கள் சும்மா இருந்தோமா? அவர் விடுவாரா? அறுவடை தொடங்கிய அன்று காலையில் எங்கள் ஆட்கள் எல்லோரையும் வயலில் இறக்கிவிட்டார். ஜாக்கி பிடித்த கைகள் அருவாள் பிடித்தன. நான் விவசாயக் குடும்பம், எனக்குப் பழக்கம். ஆசாரி வீட்டுப் பிள்ளைக்கு அறுப்பு எங்கே தெரியும்? இரண்டு விரலை வெட்டிக்கொண்டார். அழகியம்மாள் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, “அண்ணே, நீக கரையில உக்காந்தா அதுவே பெரிய ஒத்தாசை” என்றார். வயல் முழுக்கச் சிரிப்பு. கடைசிக் கட்டு களத்துக்குப் போன பிறகுதான் வண்டி அந்தத் தாளடியில் இறங்கியது. எங்கள் வண்டிக்கு முன்னால் கற்பூரம் காட்டியவர் அழகியம்மாள்தான். அன்று முதல் ஒவ்வொரு தையிலும் ஒரு மூட்டைப் புது நெல் மேஸ்திரி வீட்டுக்கு வரும். அவர் மறுப்பார். அந்தம்மா கேட்கமாட்டார்.

ஆறு மாதம் கழித்து முதலாளியே கூப்பிட்டு மறுபடியும் மேஸ்திரி ஆக்கினார். அந்தப் பெருந்தன்மையையும் இந்தச் சபையில் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதரைத்தானே இழந்திருக்கிறோம்! எந்த ஊரில் நிறுத்தினாலும், அந்த ஊர் ஆட்களிடம் முதலில் போய்ப் பேசுவார். பஸ் போக வழி விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் சாப்பிட உட்கார மாட்டார். எங்களில் ஒருவரையும் ‘நீ ஏறு’ என்று மூங்கிலைக் கொடுத்து அனுப்பமாட்டார். புது இடம் என்றால் முதலில் அவர் ஏறுவார். கம்பியைப் பார்ப்பார். பிறகுதான் அந்த வேலைக்கென்று இருக்கும் ஆசைத்தம்பியை மேலே விடுவார்.

தோழர்களே, இந்த ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். சிவகங்கைப் பக்கம் போக வேண்டிய பாரம். திருமயம் தாண்டி வந்துகொண்டிருந்தோம். பிற்பகல். தூறல் விட்டிருந்தது, ஆனால் எல்லாம் நனைந்து கிடந்தது. சாலைக்குக் குறுக்கே கம்பிகள். முறைப்படி மின்வாரியத்துக்கு ஆள் அனுப்பி மின்சாரத்தை நிறுத்தச் சொன்னோம். ஆள் சைக்கிளில் திரும்பி வந்து, “லைன நிறுத்தியாச்சு, போகலாம்னு சொல்லிட்டாக” என்றார்.

எங்களுக்குப் பின்னால் பஸ்களும் லாரிகளும் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றன. ஒரு பஸ்ஸில் பிரசவ வலியோடு ஒரு பெண் இருப்பதாக நடத்துனர் ஓடிவந்து சொன்னார். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் பள்ளம். எங்களால் ஒதுங்க வழியில்லை. கம்பியைத் தூக்கி முன்னால் போனால்தான் ஓரங்கட்ட இடம் கிடைக்கும், சாலை திறக்கும்.

ஆசைத்தம்பி மூங்கிலை எடுத்தான். மேஸ்திரி அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“மூங்கி நனைஞ்சிருக்குடா. நீ கீழ நில்லு. நான் பாத்துட்டுச் சொல்றேன்.”

“லைனத்தான் நிறுத்திட்டாகளே, அப்பறம் என்ன? நான் ஏறுறேன் மேஸ்திரி!”

“நிறுத்திட்டாக. இருந்தாலும் நீ நில்லு.”

ஏறினார். முதல் கம்பியைத் தூக்கினார், ஒன்றும் இல்லை. எனக்குக் கை காட்டினார். நான் வண்டியை மெல்ல நகர்த்தினேன். நாலு கஜம் தள்ளி இன்னொரு கம்பி, அதிலும் மூங்கிலை வைத்தார். பம்ப்செட்டுகளுக்குப் போகிற தனி லைன், வேறு திசையிலிருந்து வருவது. நிறுத்தியது ஒரு லைன். அந்த இடத்தில் இருந்தவை இரண்டு. இது எங்கள் யாருக்கும் தெரியாது. செய்தி கொண்டுவந்தவருக்கும் தெரியாது. விசாரணை நடக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல நான் இங்கே எழவில்லை. ஆனால் நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாய்ந்த அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். கண்ணாடியில் அவர் விழுவதைப் பார்த்தேன்.

ஆசைத்தம்பி அலறிக்கொண்டு ஓடினான். நாங்கள் அவரைத் தூக்கினோம். எதிரே வந்து நின்ற புதுவயல் நெல் லாரி ஒன்று பள்ளத்தில் ஒரு சக்கரத்தை இறக்கித் திரும்பி, அவரை ஏற்றிக்கொண்டது. மூட்டைகளின் மேல் படுக்கவைத்தோம். தலை என் மடியில். கை கருகிப்போயிருந்தது. காரைக்குடி ஆஸ்பத்திரி போகிற வழியில் ஒரு தடவை கண் திறந்தார்.

“உடையப்பா...”

“சொல்லுங்க மேஸ்திரி. இந்தா வந்துட்டோம், இன்னும் கொஞ்ச தூரந்தான்.”

“அந்தப் பிள்ளத்தாச்சிப் பொண்ணு பஸ்ஸு... போயிருச்சா?”

எனக்குத் தெரியாது. “போயிருச்சு மேஸ்திரி” என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் லாரி நிற்கும்போது மூச்சு இல்லை.

ஐயோ, என் மேஸ்திரியே! இருபது வருஷம் எத்தனை ஊருக்கு வெளிச்சம் சுமந்தீர்கள்! அந்த வெளிச்சமா உங்களைக் கொண்டுபோக வேண்டும்?

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பிறகு விசாரித்தோம். ஊர்க்காரர்கள் கட்டிலில் வைத்து வயல்வழியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் நலம். இதை நான் மேஸ்திரியிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் சொல்கிறேன்.

பாரம் இன்னும் அங்கேயே நிற்கிறது. அன்று மாலையே இரண்டு லைனையும் நிறுத்தவைத்து வண்டியை நூறு கஜம் தள்ளி ஓரங்கட்டினோம், அதோடு சரி. எங்கள் ஆட்கள் யாரும் அதைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. இந்தத் தொழிலையே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆசைத்தம்பி சோறு இறங்காமல் கிடந்தான். “எனக்கு வந்ததை அவுக வாங்கிக்கிட்டாக” என்பதைத் தவிர அவன் வாயில் வேறு சொல் இல்லை.

நேற்று நானும் அவனும் சொர்ணவல்லி அக்காவைப் பார்க்கப் போனோம். ஆசைத்தம்பி காலில் விழுந்தான். அக்கா அவனைத் தூக்கி உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். வண்டி எங்கே என்று கேட்டார்கள். ரோட்டிலேயே நிற்கிறது என்றேன்.

“அவுக ஏத்துன சாமான நடுரோட்டுல போட்டுட்டா வந்து உக்காந்திருக்கீக?” என்றார்கள். “அவுக இருந்தா பொறுப்பாகளா? கொண்டுபோய் எறக்குங்க.”

காலியான மோர்த் தம்ளரை வாங்கி வைத்தார்கள். பிறகு சொன்னார்கள்: “ஆனா தம்பி, இனி ஒருத்தன் வாய்ச்சொல்ல நம்பி ஒருத்தனும் மேல ஏறக் கூடாது. எம் மாதிரி இன்னொருத்தி உக்காரக் கூடாது. அத மட்டும் செஞ்சு குடுங்க.”

அக்கா, அதைச் செய்யத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

முதலாளி அவர்களே! இந்தச் சபையில் வைத்துக் கேட்கிறேன். இனி எந்தக் கம்பிக்குக் கீழே போனாலும், அந்தப் பகுதி லைன்மேன் நேரில் வர வேண்டும். எங்கள் கண் முன்னால் ஒவ்வொரு கம்பியையும் பூமியோடு இணைத்து, அதில் மின்சாரம் இல்லை என்று காட்ட வேண்டும். மழை பெய்தால் வண்டி நிற்கும். தாமதம் ஆனால் ஆகட்டும். அதற்காக ஒருவருடைய வேலையும் போகக் கூடாது. சம்மதமா?

தலையசைக்கிறீர்கள். வாயால் சொல்லுங்கள் ஐயா, அக்காவுக்குக் கேட்கட்டும்.

‘சம்மதம்’ என்றார்கள். சபை கேட்டுக்கொண்டது. சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டார். நன்றி ஐயா.

தோழர்களே, எழுந்து நில்லுங்கள். மேஸ்திரி வீரையா அவர்களுக்காக ஒரு நிமிடம் வாய்மூடி நிற்போம். பிறகு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். நாளைக் காலையில் பாரத்தை எடுக்கிறோம். முன்வண்டியில் நான் இருப்பேன். சிவகங்கை போகும்வரை ஒவ்வொரு கம்பிக்கும் நிற்பேன். லைன்மேன் வந்து காட்டாதவரை, பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் என் கால் பிரேக்கிலிருந்து எழாது.