மணிக்கட்டைப் பிடிக்கும் விதம்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். என் வீட்டில் மூங்கில் பெஞ்சுதான். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். காப்பி வேண்டாம். நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

'தவறுதலாகக் கத்தி பாய்ந்தது' என்று நீங்கள் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

என் பெயர் எலாடியோ. செத்துப்போன ரூஃபினா என் தங்கை. உள்ளே கம்பிக்குப் பின்னால் அழுதுகொண்டிருக்கிற டெல்ஃபின் அவள் புருஷன். நல்ல பையன். விருந்துகளுக்கு முழுப் பன்றியை வாட்டிக் கொடுக்கிறான். தோலை அவ்வளவு மொறுமொறுப்பாக வாட்டுகிற ஆள் இந்தச் செபு தீவிலேயே குறைவு. தொழில் அப்படி என்பதால் கையில் எப்போதும் கத்தி இருக்கும்.

எங்கள் அப்பா எஸ்கிரிமா வாத்தியார். கம்பையும் கத்தியையும் வீசவும் தடுக்கவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று ரூஃபினாவை விட்டுவிட்டார். அவள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. டெல்ஃபின் தென்னங்கள் குடித்திருந்தான். வெட்டுக்கத்தியை ஓங்கி மேசையில் குத்தினான். அவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணே, அந்தக் கத்தி என் மேல வந்தா நான் என்ன பண்றது? எனக்குச் சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். தென்னமட்டையைக் கத்தி மாதிரி செதுக்கி வைத்துக்கொண்டு நான் குத்த வருவேன். கத்தியைப் பார்க்காதே, தோளைப் பார். உள்ளே நுழை. மணிக்கட்டைப் பிடி, வெளிப்பக்கமாகத் திருப்பு. அப்பா எனக்கு முதல் நாள் சொன்ன பாடம் வேறு. வாசல் திறந்திருந்தால் ஓடிவிடு என்றார். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. ஓடக் கற்றுக்கொள்ள யாரும் தினமும் வரமாட்டார்கள்.

அவள் தினமும் சாயங்காலம் வந்தாள். தென்னோலைப் பொட்டலச் சோறும் பன்றிக்கறியும் கொண்டுவருவாள். "என்னடி இது, துணி பிழியறியா?" என்பேன். "உன் கையில எலும்புதான் இருக்கு. ஒடிஞ்சா யாரு கட்டுப்போடறது?" என்று சிரிப்பாள். அந்த வீடு சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

டெல்ஃபின் குடியை விட்டுவிட்டான். அவளிடம் மன்னிப்பும் கேட்டான். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் பயம் போனால் பாடமும் போய்விடும், இல்லையா? "உன் புருஷன் புதுக் கத்தி வாங்கியிருக்கான். உங்கிட்ட சொன்னானா?" என்று கேட்டுவைத்தேன். அவன் வாங்கியது உண்மை. எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, பழையது மழுங்கிவிட்டது என்று நானும் சொல்லவில்லை.

அவள் கையில் கன்றியிருந்ததைப் பார்த்துவிட்டு டெல்ஃபின் என்னிடம் வந்தான்.

"மச்சான், ரூஃபினா இங்க வந்து என்ன பண்றா? கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறா."

"ஆம்பள கையில இருக்கற கத்திய எப்படிப் பிடுங்கறதுன்னு கத்துக்கறா, மாப்ளே."

"எதுக்கு?"

"அது அவளுக்குத்தான் தெரியும்."

முகம் தொங்கிப்போய்த் திரும்பினான். பாருங்கள், இதிலும் பொய் இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம் ரூஃபினா சொன்னாள்: "நாளையிலேர்ந்து வரல அண்ணே. இப்ப அவரைப் பாத்தா எனக்குப் பயமே வரல. நீதான் ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாயேன், சேந்து சாப்பிடலாம்."

சரிம்மா என்றேன்.

மறுநாள் காலையில் டெல்ஃபினைக் கூப்பிட்டு ஒரே ஒரு பாடம் சொன்னேன். "அவ திடீர்னு மணிக்கட்டப் பிடிப்பா. பிடிச்சா பின்னால இழுக்காதே, அதைத்தான் அவ எதிர்பாக்கறா. முழங்கைய மடக்கி முன்னால போ."

"இதெல்லாம் எனக்கு எதுக்கு மச்சான்?"

"தற்காப்புக்கு."

கத்தியோடு வளர்ந்த கை. உடனே பிடித்துக்கொண்டான்.

மத்தியானம் சந்தையில் ரூஃபினாவைப் பார்த்தேன். டெல்ஃபினும் என்னிடம் பாடம் கேட்கிறான் என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. மறுபடி என்னிடம் வருவாள் என்று நினைத்தேன். நேராக வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுக்களையில் அவன் மாதா கோயில் விருந்துக்குப் பன்றி அறுத்துக்கொண்டிருந்தான். அவள் கூப்பிட்ட குரலுக்குக் கத்தியோடு திரும்பினான். அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் முன்னால் போனான்.

கை தானாகப் போய்விட்டது என்று உங்களிடம் அழுதானாம். கை தானாகப் போகாது, சார். அவன் மணிக்கட்டில் அவள் கட்டைவிரல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். சரியாக எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருக்கிறது. அவன் முழங்கையை மடக்கிய விதமும் சரி. இரண்டும் என் வேலை. அதைப் போய்த் தவறுதல் என்று எழுதுவது நியாயமில்லை. அவனை விட்டுவிட்டு என் பெயரை எழுதுங்கள்.

அவன் அப்படி முன்னால் வந்தாலும் தப்பிக்க வழி உண்டு. இடது கையால் அவன் முழங்கையைத் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த பாடமே அதுதான். பாதியில் நின்றது அவள், சார். நான் இல்லை.