வெள்ளையம்மாவைத் தூக்கியவர்கள்

செம்மேட்டுக்கு ஏறும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண், தோளைத் தேய்த்தபடி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

“இந்த வலி இன்னும் நாலு நாளைக்கு இருக்கோணுங்க.”

“ஏனுங்க, வலி இருக்கோணும்னு ஆராச்சும் கேப்பாங்களா?”

“எங்கூரு வெள்ளையம்மா தவறிட்டாங்கல்ல. பாடைய நாங்கதான் தூக்குனோம், பொம்பளைங்க.”

“ஊர்ல விட்டாங்களா?”

“விடலீங்க. பொதைக்கிற எடத்துக்கே பொம்பள வரக்கூடாதுன்னாங்க. ரோடு வர்றதுக்கு முந்தி, பிரசவ வலி வந்தா மூங்கில்ல தூளி கட்டித்தானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்? ஆம்பளைங்க காட்டு வேலைக்குப் போயிருந்தா அந்தம்மாதான் மொதல்ல தோள் குடுக்கும். என்னையும் அப்படித்தான் தூக்குச்சு. ‘அப்பல்லாம் பொம்பள தூக்கக்கூடாதுன்னு ஆரும் சொல்லலியே’ன்னு கேட்டேன். ஊர்க்கவுண்டரே வழிய விட்டு ஒதுங்கிட்டாரு. அவரு சம்சாரமும் அந்தத் தூளில போனவங்கதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னங்க, பாடையத் தூக்குனதும் பழக்கதோசத்துல ஆஸ்பத்திரிப் பாதைக்குத் திரும்பிட்டோம். பலா மரம் தாண்டித்தான் நெனப்பு வந்துச்சு.”

இருவரும் சிரித்தார்கள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“மறுக்கா அம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீங்களா?”

“வந்தோம். ஆம்பளைங்க ‘குடுங்க, மாத்திக்கறோம்’னு பின்னாடியே வந்தாங்க.”

“குடுத்தீங்களா?”

அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

“அந்தம்மா எங்கள ஒருநாளும் நடுவழில எறக்குனதில்லீங்க. நாங்களும் எறக்கல.”